முதல் வாய்ச் சோறு

ஜூன் 3

சம்பந்தி அம்மாளுக்கு,

கல்யாணப் பந்தியில், "இனிமே இந்தம்மாகூட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்க நான் சொன்னது வாஸ்தவம். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் சொன்ன சொல்லுக்குக் குறை வராமல் இந்தக் கடிதம். போன் நம்பர் கையில் இருந்தும் தபாலில் எழுதுகிறாளே, இவளுக்குக் கிறுக்கா என்று நினைக்காதீர்கள். ரோஷக்காரி, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மைனா இங்கே வந்திருந்தாள். நீங்கள் உங்கள் மருமகளை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ, எனக்கு அவள் மைனாதான். விழித்திருக்கிற நேரமெல்லாம் ஓயாமல் பேசுவாள், அதனால் வந்த பேர். அன்றைக்கு அந்த மைனா வாய் திறக்கவில்லை. கைக்கடிகாரப் பட்டையில் கடைக்காரன் போட்டுக் கொடுத்த ஓட்டையெல்லாம் தீர்ந்துபோய், ஆணியால் புதிதாக ஒன்று குத்தி இறுக்கியிருந்தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

என் சமையல்கூடத்துக்கு ஞாயிறு லீவு. ஆபீஸ்களுக்கு டப்பா கட்டுகிற வேலை இல்லை. எனக்கென்று ஒரு கை அரிசி போட்டு வடித்திருந்தேன், கொஞ்சம் பருப்பு இருந்தது. அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே, பாத்திரத்தில் இருந்தபடியே, அதை முழுக்கச் சாப்பிட்டாள். "உக்காந்து சாப்பிடேன்டி, யாரு பிடுங்கப் போறா?" என்றேன். "உக்காந்தா முடியாதும்மா" என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகு, எதையோ திருடித் தின்றுவிட்டவளைப் போல வெறும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அழுதாள். "ஏன்டி?" என்றால், "அத்தை நல்லாத்தான் சமைக்கிறாங்கம்மா, நான்தான் சாப்பிடல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மாசமாக இருந்தது தங்காமல் போய், ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, "நான் பாத்துக்கறேன்னு சொல்லுடா" என்று மாப்பிள்ளை மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். நானும் நர்ஸம்மா வீடு, நம்மைவிட நன்றாகவே பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா? வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. என் பெண்ணுக்கு வயிறாரச் சோறு போடுகிறீர்களா இல்லையா?

இப்படிக்கு,
மைனாவைப் பெற்றவள்


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் எண்ணெய்க் கறை இருந்ததால் யார் எழுதியது என்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். சோறு போடுகிறேன். வேலைக்காலம் முழுவதும் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாய் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த முரட்டு ஆட்களுக்கெல்லாம் கஞ்சி புகட்டியிருக்கிறேன். யாரையும் பட்டினி போட்டு எனக்குப் பழக்கமில்லை. இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்க உங்களுக்கு மனசு வந்ததே என்பதில் எனக்கு வருத்தம். அதை எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் சாப்பிடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். காலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறாள். மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கும் டப்பா காலியாகத்தான் வருகிறது, ஆனால் அதைக் காலி செய்பவர் கடை வாசலில் நிற்கும் காவல்காரர் என்பதை என் மகன் கண்டுபிடித்தான். மாலையில் மூன்று பேரும் மேசையில் உட்காருவோம். எல்லோருக்கும் பரிமாறுவேன். அவள் முறை வரும். "நீங்க சாப்பிடுங்க அத்தை, எனக்கு அப்புறம்" என்று தட்டோடு எழுந்துபோய்விடுவாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. துக்கம் உள்ள பெண், வற்புறுத்தக் கூடாது என்று நானும் விட்டிருந்தேன். அவளுக்கு வீட்டில் ஒரு வேலையும் வைப்பதில்லை. சமையலறைப் பக்கமே வராதே, ஓய்வு எடு என்று சொல்லியிருக்கிறேன்.

முறை என்றால் என்ன என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் முதல் வாய் வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தாங்கள் நன்றியோடு நினைக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. வேறு சட்டம் எதுவும் கிடையாது. கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து மனிதர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் கரண்டியால் அண்டாவைத் தட்டி, "சாமி பொறுத்துக்குவாரு, சோறு பொறுக்காது" என்றீர்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. என் மைத்துனர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். நான் உங்களைக் கண்டித்தேன், அதோடு நம் பேச்சும் நின்றது. மைத்துனர் என் கணவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 12

சம்பந்தி அம்மாளுக்கு,

இப்போதல்லவா பூனைக்குட்டி வெளியே வந்தது!

என் பெண்ணுக்கு என்ன வியாதி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எழுதியது உங்களுக்கே தெரியவில்லை. அவளுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. கண்ணாடிக் கடையில் விலை ஒசந்த ஃபிரேமைப் போட்டுக்கொண்டு "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறவரிடம், "உங்க மூக்குக்கு இது வேணாம் சார்" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்குகிறவள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரே சூடாகச் சோற்றை வைத்து, நன்றி சொல்லு, பொய் சொல்லாதே, சொல்லிவிட்டுச் சாப்பிடு என்கிறீர்கள். எதைச் சொல்வாள்? யாருக்குச் சொல்வாள்? சொல்ல ஒன்றும் இல்லை, பொய்யும் சொல்லக் கூடாது, அதனால் எழுந்து போகிறாள். சோற்றுப் பானைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, "திறந்துதானே இருக்கு, ஏன் சாப்பிட மாட்டேங்குறா" என்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். உங்கள் வீட்டில் பத்தையும் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு போலிருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கரண்டியைத் தொட்டிருக்க மாட்டேன். அது வேறு, இது வேறு. அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமையன்று, டப்பா எல்லாம் போனதும், வண்டியோடு உங்கள் வாசலுக்கு வருவேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பிறகு மாப்பிள்ளை வந்து கேட்டாலும் அனுப்புவேனா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மைனாவைப் பெற்றவள்


ஜூன் 16

சம்பந்தி அவர்களுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. வண்டியோடு வர வேண்டாம். இது கட்டளை இல்லை. கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே அவளிடம், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. சாப்பிடு, போதும்" என்றேன். ஸ்பூனைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டு, நான் மட்டும் சொல்லாம சாப்பிட்டா, டிக்கெட் எடுக்காம பஸ்ல போற மாதிரி இருக்கு அத்தை" என்றாள். மறுநாள் நாங்கள் மூன்று பேருமே சொல்லவில்லை. என் மகன் டி.வி.யைப் போட்டுவிட்டான். யாரோ யாரையோ பாட்டுப் போட்டியில் திட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தன்னால்தான் இந்த வீட்டு வழக்கம் நின்றது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்ப் படுத்தாள். ஆக, நிறுத்திப் பார்த்தாயிற்று.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

என் கணவருக்குத் தொண்டையில் நோய். கடைசியில் எதுவும் உள்ளே இறங்காது. நான் ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் புகட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பேன். பாதி வெளியே வந்துவிடும். ஒருநாள் ஒரு ஸ்பூன் முழுசாக உள்ளே போயிற்று. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. குரல் போய்விட்டிருந்தது. வாயசைத்து, "சரி, இன்னைக்கு இது ஒண்ணு" என்றார். அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒன்றைச் சொல்வார். எதிர்வீட்டு நாய் குரைக்கவில்லை, நீ சீக்கிரம் வந்துவிட்டாய், இப்படி. அவர் போன பிறகு என் மகன் சாப்பிட மறுத்தான். பள்ளிக்கூடம் போகிற வயசு. "அப்பா மாதிரி ஒண்ணு சொல்லு, சொல்லிட்டு ஒரு வாய்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவன் வாயைத் திறக்க வைத்தேன்.

அந்த வழக்கம் எங்கள் வீட்டில் வாயைத் திறந்த சாவி. உங்கள் பெண்ணுக்கு மட்டும் அது எப்படிப் பூட்டானது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு ஊசி போடத் தெரியும், காய்ச்சல் பார்க்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது நீங்கள் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனால், பிள்ளையும் தங்கவில்லை, வீடும் தங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவளை எதுவும் சாப்பிட வைக்காது.

உங்கள் கூடத்தில் தினமும் எத்தனையோ பேருக்குச் சாப்பாடு போடுகிறீர்கள். சாப்பிட மனசில்லாதவர்களை நீங்கள் என்ன செய்வீர்கள்? தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 21

சம்பந்தி அம்மாளுக்கு,

சனிக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். உங்கள் கூரியர் மடியில் இருந்தது. வண்டிக்காரத் தம்பி, "எங்கம்மா போகணும்?" என்றான். வாயில் உங்கள் தெருப் பேர் வரவில்லை. "மார்க்கெட்டுக்குப் போ" என்றேன். போய்த் தேவையில்லாமல் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இந்த வாரம் டப்பாக்களில் எல்லாம் வெங்காயம் தூக்கல்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெரிய தத்துவம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் கூடத்தில் சாப்பிடும் முன்பு யாரும் எதுவும் சொல்வதில்லை. டப்பாக்கள் வண்டியேறியதும் நாங்கள் ஆறேழு பேர் தரையில் உட்காருவோம். அன்றைக்கு யார் ரொம்ப நொந்து போயிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் தட்டு. யார் என்று கேட்க வேண்டியதில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். பாத்திரம் விளக்குகிற சின்னக்கா குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். உப்பு இல்லை, காரம் இல்லை, புருஷன் சரியில்லை, மழை சரியில்லை. ஒரு பருக்கை மிஞ்சாது. இதுவரை அவள் வாயிலிருந்து ஒரு நன்றியும் நான் கேட்டதில்லை. ஆனால் விளக்கி அடுக்கிய பாத்திரத்தைப் பார்த்தால் போதும். கவிழ்த்து வைத்த சட்டியின் அடிப்பக்கம்கூடப் பளபளக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் அடிப்பக்கத்தை? நன்றி என்று ஒன்று இருந்தால் அது அவளுக்கு வாயில் இல்லை, கையில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. இதை யாருக்கும் சொன்னதில்லை, மைனாவுக்கும் சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் எனக்கும் ஒன்று தங்காமல் போயிற்று. அப்போது நான் இன்னொருத்தர் கூடத்தில் எடுபிடி. எல்லாரும், "போய்ப் படு, ஓய்வு எடு" என்றார்கள். படுத்தால் மேலே ஒரு சீலிங் இருக்கிறது, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு வாரம் படுத்தேன், கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. எழுந்து வேலைக்குப் போனேன். வெங்காயம் உரிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து அழுதால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உரித்து, நறுக்கி, வதக்கி, அதைத் தின்று நாலு பேர் கை கழுவிவிட்டுப் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் தட்டின் ஞாபகம் வந்தது.

சமையலறைப் பக்கமே வராதே என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொண்டு நன்றியை மட்டும் கேட்டால் அவள் என்ன செய்வாள், பாவம். தட்டை அவள் முன்னால் வைக்காதீர்கள் சம்பந்தி. கத்தியை வையுங்கள். உருளைக்கிழங்கைக் கொடுங்கள். நீங்களும் மாப்பிள்ளையும் பசியோடு உட்காருங்கள். அவள் கையால் உங்களுக்கு ஒரு வேளை ஆகட்டும்.

நான் சொல்கிறேன் என்று சொல்லாதீர்கள். "எங்கம்மா எல்லாத்துக்கும் அடுப்பையே மருந்தாச் சொல்லும்" என்று சிரிப்பாள். சிரித்தால் நல்லதுதான், இருந்தாலும் சொல்லாதீர்கள்.

மைனாவைப் பெற்றவள்


ஜூன் 30

சம்பந்தி அவர்களுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். எழுதும்படியாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முழங்கால் வலி என்று சொல்லி அடுப்படியை அவளிடம் விட்டேன். வலி உண்மைதான், ஆனால் நிற்க முடியாத வலி இல்லை. முதல் நாள் உருளைக்கிழங்கு சூப் வைத்தாள். தோல் சீவியதில் பாதிக் கிழங்கு குப்பைக்குப் போயிற்று. என் மகன் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து கையெல்லாம் கிரீஸோடு வந்தவன், "என்ன, வீடே மணக்குது" என்றான். அவள் பரிமாறினாள். நாங்கள் சாப்பிட்டோம். அவள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். உங்கள் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அவளையும் உட்கார வைத்து, அவள் வைத்த சூப்பை மூன்று தட்டிலும் ஊற்றினேன். முதலில் என் முறை. தினமும் போல ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பங்கரையில் நின்று களைத்துப்போன அவள் முகத்தைப் பார்த்ததும் அது பொய்யாகப் பட்டது. பொய் சொல்லக் கூடாது என்பது என் சட்டம்தானே. "எனக்கு இன்னைக்கு நன்றி சொல்ல வரல. கோபம்தான் வருது. யார் மேலன்னும் தெரியல. உங்கப்பா போன அன்னைக்கே வந்திருக்கணும், இப்பத்தான் வருது" என்றேன். சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்துச் சாப்பிட்டேன். டி.வி. போட்ட அந்த ஒரு நாளைத் தவிர, அவர் போனதிலிருந்து நான் நன்றி சொல்லாமல் வாயில் வைத்த முதல் சாப்பாடு அது. என் மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அவள் தன் ஸ்பூனைத் தள்ளி வைத்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே பேசினாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

"அத்தை, அது வயித்துல இருந்தப்ப எனக்கு எப்பப் பாத்தாலும் பசி. கடையில கஸ்டமர் முன்னாடியே பிஸ்கட் தின்னுட்டு இருப்பேன். முதலாளிகூடச் சிரிப்பாரு. இப்பவும் பசிக்குது அத்தை. பசிக்கிறப்ப அது இன்னும் உள்ள இருக்கிற மாதிரியே இருக்கு. சாப்பிட்டேன்னா போயிடுது. அம்மா வீட்டுல அன்னைக்கு என்னையும் மறந்து தின்னுட்டேன். தின்னு முடிச்சதும் வயிறு அமைதியாயிடுச்சு. திரும்பவும் ஒரு தடவை நானே அதை அனுப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

சம்பந்தி, நீங்கள் பூட்டு என்றீர்கள், நான் சாவி என்றேன். இரண்டு பேருமே வேறு ஏதோ கதவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

என் மகன் எழுந்து தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். "நீங்க சாப்பிடுன்னு சொல்லுவீங்க" என்றாள். எத்தனையோ படுக்கைகளுக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ ஆறுதல் சொன்னவள் நான், அதையெல்லாம் விட்டுவிட்டேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன். "பசி எங்கேயும் போயிடாதும்மா. இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நாளைக்குக் காலையில திரும்பவும் வந்து நிக்கும். அது வராம இருந்து நான் ஒரு ஆளைப் பாத்திருக்கேன். அவருக்குத்தான் அப்புறம் ஒண்ணுமே வரல. உனக்கு வரும். தினமும் வரும்."

"தினமுமா?" என்றாள், குழந்தை கேட்கிற மாதிரி.

"தினமும்" என்றேன்.

ஸ்பூனை எடுத்தாள். சூப் ஆறி ஆடை படிந்துபோயிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்று எழுந்த என்னை என் மகன் கண்ணால் உட்கார வைத்தான். அழுதுகொண்டே சாப்பிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. பாதி தட்டில் நிமிர்ந்து, "உப்பு ஜாஸ்தியாயிடுச்சே, ரெண்டு நாளா ஏன் யாருமே சொல்லல?" என்றாள். "ஜாஸ்திதான்" என்றேன். பிறகு, "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். நான் பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் பிழைக்க மாட்டார் என்றவர்கள் எழுந்து நடந்தபோதுகூட நான் இப்படி அழுததில்லை.

இன்றைக்குக் காலையில் எழுந்து வந்ததும், "வந்துடுச்சு அத்தை" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "பசி" என்றாள். ரொட்டியும் முட்டையும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனாள்.

அந்த வழக்கத்தை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வருகிறவர்கள் சொல்லட்டும், சாப்பிடும் முன்போ பின்போ. கோபம் வருகிறவர்கள் அதையும் சொல்லட்டும். என் கணவர் இருந்திருந்தால், "அவ சமைச்சதை நாம சாப்பிட்டோம், நாம போட்டதை அவ சாப்பிட்டா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்று வாயசைத்திருப்பார் என்று தோன்றுகிறது. இது என் கற்பனைதான். ஆனால் அவரோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இந்த அளவுக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூலை 4

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் வரும்போது டப்பா கட்டுகிற நேரம். யார் வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத நேரம். கவரைப் பிரித்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சின்னக்கா யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டாள். ஆபீஸ்களுக்கெல்லாம் அன்றைக்குச் சாப்பாடு லேட். ஒரு மேனேஜர் போன் பண்ணி வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்று கேட்டுக்கொண்டேன். அவர் பாவம், பசி.

பசியைப் போக்குவதுதான் என் பிழைப்பு. அந்தப் பசியை என் பெண் மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கண்ணெதிரே, என் அடுப்படியிலேயே நின்று அழுதாள். பெற்றவள் நான் கடிகாரப் பட்டையைப் பார்த்தேனே ஒழிய அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். உங்களிடம்தான் சொன்னாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது, ஒளிப்பானேன்.

எனக்குத் தங்காமல் போனதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதை நீங்கள் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். நானே சொல்கிறேன். எனக்கும் அப்போது இப்படிப் பசித்ததா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பசித்திருக்கும். வெங்காயத்தைப் போட்டு மூடிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பயப்படாதீர்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக இல்லை. வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். கையில் பாத்திரம், டப்பா எதுவும் கொண்டுவர மாட்டேன், வெறுங்கையோடுதான் வருவேன். நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன செய்கிறீர்களோ அதை எனக்கும் போடுங்கள். உப்பு ஜாஸ்தியானாலும் சரி. நான் உட்கார்ந்து இன்னொருத்தர் பரிமாறி எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மேசையில் என் முறை வரும்போது சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. உங்களிடம்தான் சொல்ல வேண்டும், வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வருவேன் சம்பந்தி. முதலில் கொஞ்சம் சாப்பிட விடுங்கள்.

மைனாவைப் பெற்றவள்